மூன்றாம் வகுப்பு, இன்னும் வாசிக்கவில்லை: வகுப்பறை உதவியா, நேரே மதிப்பீடா?

ஜூனில் பள்ளி திறந்து ஜூலை பாதி போவதற்குள், ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் ஓரிரு பெயர்கள் தனியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மூன்றாம் வகுப்புப் பையன். 'படம்', 'மரம்' வரை வாசிக்கிறான். 'தேங்காய்' என்று எழுதிக் காட்டினால் தடுமாறுகிறான். கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்து எழுதுகிறான். எழுதியதை வாசி என்றால் வாயைத் திறப்பதில்லை. "பி.ஆர்.சி.க்குச் சொல்லிடலாம் சார், சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்க்கட்டும்" என்கிறார் தலைமையாசிரியர். அதாவது பி.ஆர்.சி. என்னும் வட்டார வளமையம் வழியாக, கற்றல் குறைபாடு ஏதும் உண்டா என்ற மதிப்பீடு. "பொறுங்க சார், நாலாவது போறதுக்குள்ள வந்துரும்" என்கிறார் பக்கத்து வகுப்பு டீச்சர்.

இருவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு வழி மட்டும்தான் இருக்கிறது என்பதுபோல் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. நடுவில் வகுப்பறையிலேயே செய்யக்கூடியவை உண்டு, மாலை வகுப்பு உண்டு, நிலைவாரிக் குழு உண்டு. எதற்கு எவ்வளவு காலம் கொடுப்பது, எப்போது அடுத்ததற்குப் போவது என்பதுதான் உண்மையான கேள்வி. நான் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியன். அந்த இடத்திலிருந்துதான் இவற்றை ஒப்பிடுகிறேன். தனியார் பள்ளியின் கணக்கு சில இடங்களில் வேறு, அதை அங்கங்கே தொடுகிறேன்.

எதையும் தேர்ந்தெடுக்கும் முன்

கண், காது, வருகைப் பதிவேடு, வீட்டு மொழி. இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். எந்த வழியில் போனாலும் இது முதலில் வரும்.

பலகையில் இருப்பதைத் தப்பாகவும் பக்கத்தில் விரித்த புத்தகத்தில் இருப்பதைச் சரியாகவும் எழுதும் பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் கண்ணாடி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு அடுத்து எப்போது வரும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். தள்ளிப்போகும் என்றால் காத்திருக்க வேண்டாம், அரசு மருத்துவமனைக்கே அனுப்பிவிடலாம்.

காது இன்னும் ஏமாற்றும். சளி பிடித்தால் காதில் சீழ் வடியும் பிள்ளைகளுக்கு நம் வகுப்புகளில் பஞ்சமில்லை. நடுக்காதில் நீர் கோத்திருக்கும்போது சத்தம் அடியோடு நின்றுவிடாது, மங்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். ஆனால் நெருங்கிய ஓசைகள் அவனுக்கு ஒன்றுபோலக் கேட்கும். முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் இரண்டு சொல் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அது பரிசோதனை ஆகாது, ஆனால் டாக்டரிடம் அனுப்பலாமா என்று முடிவு செய்ய அது போதும்.

வருகைப் பதிவேட்டை இந்த ஆண்டோடு நிறுத்தாமல் முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் புரட்டுங்கள். தை பிறந்ததும் செங்கல் சூளைக்குப் போய் பள்ளி திறக்கும்போது திரும்பும் குடும்பத்துப் பிள்ளை, ஒன்றிலும் இரண்டிலும் பாதி நாள்தான் வகுப்பில் இருந்திருக்கும். அவனுக்குக் கற்றுக்கொடுத்து அவன் கற்கவில்லை என்று சொல்ல முடியாது, கற்றுக்கொடுக்கவே இல்லை.

வீட்டு மொழியும் அப்படித்தான். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம், மதுரையில் சௌராஷ்டிரம், திருப்பூரில் இந்தி, ஒடியா. பையன் வீட்டில் அவன் மொழியில் கோவையாகக் கதை சொல்கிறானா, சொன்ன வேலையைப் புரிந்து செய்கிறானா, பேச ஆரம்பித்தது எப்போது என்று அம்மாவிடம் கேளுங்கள். வீட்டு மொழியில் நன்றாகப் பேசுகிறான் என்றால், அவனுக்குத் தமிழ் இன்னும் போதவில்லை, அவ்வளவுதான். வீட்டு மொழியிலும் திணறுகிறான் என்றால் அது வேறு கதை. அந்தத் தகவல் பிறகு மதிப்பீடு செய்பவருக்குத் தங்கம்.

பொறுத்திருப்பது

ஒன்றாம் வகுப்பில் முதல் பருவம் வரை பொறுப்பதில் தவறில்லை. அங்கன்வாடிக்கே போகாமல் நேரே வந்த பிள்ளை, வயது குறைந்த பிள்ளை, பென்சில் பிடிக்கவே இப்போதுதான் பழகும் பிள்ளை எல்லாம் கலந்திருக்கும் இடம் அது. மூன்றாம் வகுப்பில் நிலைமை வேறு. நம் பாடத்திட்டத்தில் அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனிப் பாடங்களாகத் தொடங்குவது அங்கேதான். அதுவரை தமிழில் மட்டும் பின்தங்கியிருந்தவன், வாசிக்க முடியாத ஒரே காரணத்தால் எல்லாப் பாடத்திலும் பின்தங்குகிறான். வகுப்பில் குறும்பு செய்யத் தொடங்குவதும் இந்தச் சமயத்தில்தான். "படிக்கத் தெரியாதவன்" என்பதைவிட "சேட்டைக்காரன்" என்ற பெயர் அவனுக்கு எவ்வளவோ மேல்.

"அதே வகுப்பில் இன்னொரு வருஷம் போடுங்களேன்" என்று சில பெற்றோரே கேட்பார்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது தமிழ்நாட்டின் நிலைப்பாடு, ஆகவே நம்மிடம் அந்த வழியே இல்லை. இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் முறை பலிக்காத அதே பாடத்தை, அதே முறையில், இன்னொரு வருஷம் நடத்துவதில் என்ன கிடைத்துவிடும்?

வகுப்பிலேயே சின்னச் சின்ன மாற்றங்கள்

முன்வரிசையில் உட்கார வைப்பது, வினாவை வாசித்துச் சொல்லி வாய்மொழியாகப் பதில் வாங்குவது, பார்த்து எழுதும் வேலையைப் பாதியாகக் குறைப்பது, நன்றாக வாசிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் போடுவது. செலவில்லை, அனுமதி வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம். பிள்ளையின் முகம் மாறுவதை ஒரு வாரத்தில் பார்க்கலாம். அறிவியல் பாடத்தில் வாய்மொழியாகப் பதில் சொல்லவிட்டால், வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குபவனாகக்கூட அவன் இருப்பான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இவை அவனைச் சமாளிக்க வைக்கின்றன, வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. பக்கத்துப் பிள்ளை வாசித்துக் காட்டும்வரை அவன் நோட்டு நிரம்பியிருக்கும், திருத்தமும் சிவப்பு மையில் ஒழுங்காக விழுந்திருக்கும். ஆண்டு முடிவில் "போதிய உதவி செய்தோம், முன்னேற்றம் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். செய்த உதவியில் ஒரு எழுத்துகூடச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எனவே இதை வழி என்று எண்ணாமல், மற்ற எல்லா வழிகளோடும் கூடவே ஓட வேண்டிய ஒன்று என்றுதான் வைத்திருக்கிறேன்.

நிலைவாரிக் குழு

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. செயல்வழிக் கற்றல் காலத்தில் ஏணிப்படியும் அட்டைகளும் வைத்து, பிள்ளை எந்தப் படியில் இருக்கிறதோ அங்கிருந்து ஏறட்டும் என்றார்கள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் அடிப்படையில் அதையே செய்தது: வகுப்பைப் பார்க்காமல், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையைப் பார்த்துப் பயிற்சி. முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. கொரோனாவால் பள்ளி பூட்டிக் கிடந்த காலத்து இடைவெளியை நிரப்ப வந்த திட்டம். அதனாலேயே இதன் பலம் 'கற்பிக்கப்படாத' பிள்ளைகளிடம் நன்றாகத் தெரிகிறது. சூளைக்குப் போய் வந்தவன் ஒரு பருவத்தில் அரும்பிலிருந்து மொட்டுக்குத் தாவுவான்.

திணறுவது எங்கே என்றால், கடைசிவரை அரும்பிலேயே நிற்கும் இரண்டு மூன்று பேரிடம். ஓராசிரியர் மூன்று வகுப்பையும் சேர்த்து வைத்திருக்கும் அறையில், அரும்புக் குழு என்பது பயிற்சி நூலைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கும் இடமாக மாறிவிடுவதைப் பார்க்கிறோம். திட்டத்தைக் குறை சொல்லவில்லை. கை ஒன்றுதானே இருக்கிறது.

இந்த இரண்டு மூன்று பேரை மட்டும் தனியே எடுத்துச் செய்யும் குழுதான் நான் சொல்ல வருவது. மூன்று முதல் ஐந்து பிள்ளைகள், நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் நான்கு நாள். எட்டு வாரம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: எந்தப் பிழை என்று பிரிப்பது. "தமிழ் வாசிக்கத் தெரியாது" என்று ஒரே வரியில் சொல்லும்போது நாம் நாலைந்து வேறு வேறு பிள்ளைகளைச் சொல்கிறோம்.

ஒருவனுக்குக் 'கல்'லும் 'கால்'லும் ஒன்று. குறில் நெடில் காதில் பதியவில்லை. அவனுக்கு எழுத்து அட்டையால் பயனில்லை, கை தட்டி ஓசையை நீட்டிக் குறைத்து விளையாட வேண்டும். இன்னொருவன் 'கொடி'யைக் 'கெடி' என்றோ 'காடி' என்றோ வாசிப்பான். கொம்பையோ துணைக்காலையோ ஏதாவது ஒன்றை மட்டும் பார்க்கிறான். தமிழில் எ, ஏ, ஐ வரிசைக் குறிகள் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஓசையோ பின்னால் வருகிறது. ஒ, ஓ வரிசையில் இரண்டு பக்கமும் நிற்கின்றன. பெரியவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. உகர வரிசை இன்னொரு தொல்லை: கு, சு, து, பு, மு என்று ஆளுக்கொரு வடிவம். அதற்கு விதி சொல்லிக் கொடுக்க முடியாது, ஒவ்வொன்றாகப் பழக்கத்தான் வேண்டும். மூன்றாமவனுக்கு எல்லா எழுத்தும் தெரியும்; ம, ர, ம் என்று சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல்லு என்றால் படத்தைப் பார்த்து 'மாமரம்' என்பான். இன்னொருத்தி சேர்த்தும் வாசிப்பாள், ஆனால் வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். அவளுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சியல்ல, தெரிந்த சொற்களைத் திரும்பத் திரும்ப வேகமாக வாசிக்கும் வாய்ப்பு. 'வந்துட்டாங்க' என்று பேசும் பிள்ளைக்கு 'வந்துவிட்டார்கள்' கண்ணில் பட்டதும் வேற்று மொழியாகத் தெரிவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

லகர ளகர ழகரக் குழப்பத்தை மட்டும் வைத்து யாரையும் எங்கும் அனுப்பிவிடாதீர்கள். அந்த அளவுகோலை வைத்தால் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் மதிப்பீட்டு முகாமுக்குப் போக வேண்டியிருக்கும்.

ஆங்கிலப் பிள்ளைகளுக்கான கால அளவை அப்படியே எடுத்து இங்கே வைப்பதும் சரிவராது. நம்முடையதைப் போன்ற உயிர்மெய் எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில் செய்த ஆய்வுகள், எழுத்துத் தொகுதி முழுவதும் கைவர நான்காம், ஐந்தாம் வகுப்புவரை ஆவதைக் காட்டியிருக்கின்றன. 26 எழுத்தோடு முடிகிற கணக்கு வேறு, 247 எழுத்துக் கணக்கு வேறு. மூன்றாம் வகுப்பில் ஓகார வரிசை தடுமாறுவது குறைபாட்டுக்கு அடையாளம் அல்ல. அகர வரிசையே நிற்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

வெள்ளிக்கிழமை தோறும் இருபது சொல் கொண்ட ஒரு பட்டியல், ஒரு நிமிடம். ஒவ்வொரு வாரமும் சொற்கள் வேறு, கடினம் ஒன்றுதான். எத்தனை சரி, எந்தப் பிழை, தேதி. இதற்கு எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) பக்கம் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். அவன் கையெழுத்தில் இரண்டு வரியும் அதிலேயே இருக்கட்டும்.

எட்டு வாரத்தில் இந்த நோட்டு ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடும். எண்ணிக்கை வாராவாரம் ஏறுகிறதா, அவனுக்குத் தேவைப்பட்டது கற்பித்தல், குழுவைத் தொடருங்கள். ஏறுகிறது, ஆனால் அதே குழுவில் அதே பயிற்சி பெற்ற மற்றவர்கள் பாதித் தூரம் தாண்டியபோது இவன் இரண்டடி வைத்திருக்கிறானா, மதிப்பீடு வேண்டும், பதறத் தேவையில்லை. திங்கள்கிழமை தெரிந்தது செவ்வாய்க்கிழமை சுத்தமாக இல்லை, வாரத்துக்கு வாரம் அதே நாலு சொல் என்றால் நான்காவது வாரத்திலேயே குரல் கொடுங்கள். எட்டு வாரம் என்பது எழுதிவைத்த சட்டம் அல்ல.

மாலை வகுப்பு, ட்யூஷன்

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, பக்கத்துத் தெரு அக்காவைத் தன்னார்வலராக்கி, மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்தது. தொடங்கிய அளவில் இன்று எல்லா ஊரிலும் இல்லை. இருக்கும் ஊரில், வாசிப்பில் மோகம் வர அதைவிட நல்ல இடம் இல்லை. பயமில்லாமல் தப்பு செய்யலாம். ஆனால் சாக்கு விரித்து ஒன்றிலிருந்து எட்டு வரை கலந்து உட்காரும் இடத்தில், ஒருவனுடைய கொம்பையும் துணைக்காலையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் அநியாயம். இரண்டு அட்டையும் ஒரு பட்டியலும் கொடுத்து "இதை மட்டும் தினமும் பத்து நிமிஷம் பாருங்க" என்று சொல்லலாம்.

காசு கொடுத்து அனுப்பும் ட்யூஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரும்பாலும் வீட்டுப்பாடம் முடித்து அனுப்புகிறார்கள். இந்தப் பிள்ளைக்கு அது பார்த்து எழுதும் இன்னொரு மணி நேரம்.

நேரே மதிப்பீடு

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்லெக்சியா என்று ஊரில் சொல்வது இதற்குள் வரும். அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு பள்ளிகளுக்கு ஒரு கடமையைச் சொல்கிறது: கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதைக் கடக்கத் தகுந்த கற்பித்தல் நடவடிக்கைகளையும் பிற நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும். கண்டறிவதும் கற்பிப்பதும் ஒரே வரியில் இருக்கின்றன. ஒன்று முடிந்துதான் மற்றது என்று அங்கே இல்லை.

2018 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, எது முந்தியதோ அப்போது ஆசிரியர்கள் முதற்கட்டமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும். அங்கிருந்து குழந்தை மருத்துவர், பிறகு உளவியலாளரிடம் ஐ.க்யூ. எனும் அறிவுத்திறன் சோதனை, அதன் பிறகு கற்றல் குறைபாட்டுக்கான தனிச் சோதனை. சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் அதில் உண்டு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் சான்றிதழ் தரப்போவதில்லை. அந்த இரண்டு ஆண்டும் முழுக்கப் பள்ளியின் கையில்தான்.

நேரே அனுப்புவதன் லாபம் சின்னதல்ல. நாம் வாசிப்புப் பிரச்சினை என்று நினைத்தது அறிவுத்திறன் குறைபாடாகவோ ஆட்டிசமாகவோ கேட்கும் குறையாகவோ இருக்கலாம். அதை ஆசிரியரால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று இதற்கு ஓடும் பெற்றோரைப் பார்க்கும்போது, மூன்றிலேயே தொடங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

நஷ்டங்களையும் சொல்ல வேண்டும். அரசு முகாமோ மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகும். ஒரே நடையில் முடியாது. தனியாரிடம் போனால் சில ஆயிரம் ரூபாய். அடுத்தது, சோதனையின் மொழி. பரவலாகப் பயன்படும், நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பு பெங்களூரில் உருவானது. இந்திய மொழிகளுக்கென்றே தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு 2015-இல் வெளியானபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில் வந்தது. தமிழ்வழிப் பிள்ளை தமிழில் எப்படி வாசிக்கிறான் என்பதற்கு மதிப்பீட்டாளரிடம் இருக்கும் ஆதாரம் பல நேரம் மெலிவானது. அங்கே அந்த நாற்பது பக்க நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், சான்றிதழ் வாசிக்கக் கற்றுத்தராது. 2021-இல் உச்ச நீதிமன்றம் தொடக்க நிலையில் மாற்றுத்திறன் கொண்ட பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தைச் சொன்னது. வட்டார வளமையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநருக்கோ பல பள்ளிகள் பொறுப்பு, அதில் வீட்டைவிட்டு நகர முடியாத பிள்ளைகளும் உண்டு. அவர் வந்து பார்த்து, வழி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த நாள் காலை அந்த வழியைச் செய்ய வேண்டியது வகுப்பாசிரியர்தான். அதாவது மதிப்பீட்டுக்கு அனுப்பினாலும் அந்த அரை மணி நேரக் குழு வேலை நம்மை விட்டுப் போகாது.

தனியார் பள்ளியில் இன்னொன்று நடக்கிறது. "ஸ்பெஷல் எஜுகேட்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்று தொடங்கி, "இவனுக்கு ஏத்த வேற ஸ்கூல் பாருங்களேன்" என்று முடியும் உரையாடல். பாகுபாடின்றிச் சேர்த்துப் படிக்க வைப்பது அதே 16-ஆம் பிரிவின் முதல் கடமை. பெற்றோர் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி: இதுவரை பள்ளியில் என்ன செய்தீர்கள், எழுதி வைத்ததைக் காட்டுங்கள்.

வெளிநாட்டில் பட்ட அனுபவம்

முதலில் உதவி, பிறகு பரிந்துரை என்ற முறையைச் சட்டமாகவே பேசியது அமெரிக்கா. 1977-இல் வந்த விதிகளின்படி, பிள்ளையின் அறிவுத்திறனுக்கும் படிப்புக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தால்தான் கற்றல் குறைபாடு என்று ஒப்புக்கொண்டார்கள். இடைவெளி அவ்வளவு பெரிதாக நாலாம் ஐந்தாம் வகுப்பு ஆகிவிடும். அதுவரை பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும். 2004-இல் சட்டத்தைத் திருத்தி, அந்த அளவுகோல் கட்டாயமில்லை, நல்ல பயிற்சி கொடுத்து பிள்ளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்க்கலாம் என்றார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். பல பள்ளிகள் "இன்னும் பயிற்சி முடியவில்லை" என்று சொல்லியே மதிப்பீட்டைத் தள்ளிப்போட்டன. 2011-இல் அந்நாட்டுக் கல்வித் துறையே தலையிட்டு, இந்த முறையைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று மாநிலங்களுக்கு எழுத வேண்டி வந்தது. 2015-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு இன்னொரு அதிர்ச்சி. முதல் வகுப்பில் வாசிப்புச் சோதனையின் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்ததால் கூடுதல் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளைகள், சற்று மேலே இருந்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். பல பள்ளிகளில் வழக்கமான வாசிப்பு நேரத்திலேயே குழுப் பயிற்சியும் நடந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். இருக்கும் தமிழ்ப் பாடவேளையைப் பிடுங்கி அதில் குழு நடத்தினால் கூடுதல் என்று எதுவும் இல்லை அல்லவா? விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கினால் பிள்ளை நம்மை வெறுக்கும். காலை வழிபாட்டுக்கு முன்போ, மதியச் சாப்பாடு முடிந்த பிறகோதான் நேரம் தேட வேண்டியிருக்கிறது. காலை உணவுக்காகச் சீக்கிரம் வரும் பிள்ளைகள் இருப்பதால் இப்போது காலை நேரம் முன்பைவிட எளிது.

என் தேர்வு

ஆகவே வகுப்பறை உதவியா மதிப்பீடா என்று வரிசையில் நிறுத்துவதையே நான் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குகிறேன். குழு தொடங்கும் வாரத்திலேயே சிறப்புப் பயிற்றுநரிடம் "ஒரு பிள்ளையைப் பார்க்க வேண்டும்" என்று எழுத்தில் சொல்லிவிடுவது. அவர் பட்டியலில் நம் பள்ளியின் முறை வர எப்படியும் சில வாரம் ஆகும். அதற்குள் நோட்டு பேச ஆரம்பித்திருக்கும். பிள்ளை ஏறிவிட்டால் "இப்போது வேண்டாம், நன்றாக வாசிக்கிறான்" என்று சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. வந்து பார்க்கச் சொல்வது வேறு, எமிஸில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை என்று பதிவது வேறு. முன்னதைத் தாராளமாகவும் பின்னதை ஆதாரத்தோடும் செய்யலாம்.

சிலரை மட்டும் எட்டு வாரமும் வேண்டாம், எட்டு நாளும் வேண்டாம், அன்றே அனுப்ப வேண்டும். முன்பு தெரிந்ததை இழந்துகொண்டே வரும் பிள்ளை; வகுப்பின் நடுவில் சில நொடி அப்படியே வெறித்து நின்று, பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளை, இது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்; கூப்பிட்டால் கேட்காத பிள்ளை; வயதுக்கேற்ற பேச்சே வராத பிள்ளை; நடக்கவும் பேசவும் மிகத் தாமதமானது என்று தாய் சொல்லும் பிள்ளை. இவர்களிடம் கொம்பும் துணைக்காலும் வைத்து வாரக்கணக்கில் சோதனை செய்வது தப்பு.

பெற்றோரிடம் பேசுவதைக் கடைசிவரை ஒத்திப்போடாதீர்கள். "உங்க பையனுக்குக் குறை இருக்கு" என்று முகாம் தேதியோடு சேர்த்துச் சொன்னால், அடுத்த நாள் பையனும் வரமாட்டான், அம்மாவும் வரமாட்டார். முதல் வெள்ளிக்கிழமை நோட்டைக் காட்டி, "இந்த இருபதுல நாலு வாசிக்கிறான்மா, நாங்க தினமும் அரை மணி நேரம் தனியா உக்கார வைக்கிறோம், ரெண்டு மாசம் பாப்போம், கூடவே ஒரு மேடம் வந்து பாப்பாங்க" என்று சொன்னால் அந்தத் தாய்க்குக் கணக்கு புரிகிறது. எண் ஏறாதபோது அவரே கேட்பார், "எங்க சார் காட்டணும்?" என்று.

காலாண்டுத் தேர்வு செப்டம்பரில். ஜூலை நடுவில் தொடங்கினால் அதற்குள் எட்டு வாரம் ஆகிவிடும். விடுமுறைக்கு முன் முடிவெடுத்தால், விடுமுறை நாளிலேயே மருத்துவமனைக்குப் போய்வரலாம்; தாய்க்கு ஒரு நாள் கூலி போனாலும் பிள்ளைக்கு வகுப்பு போகாது. மருத்துவமனைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: அந்த நோட்டின் நகல், இரண்டு ஆண்டு வருகைச் சுருக்கம், கண் காது பார்த்த சீட்டு, வீட்டு மொழி பற்றி அம்மா சொன்னது, வகுப்பில் அவன் நன்றாகச் செய்யும் இரண்டு விஷயங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை, ஆனாலும் எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழோடு பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும்போது இந்த நோட்டும் கூடப் போக வேண்டும். பெரும்பாலும் போவதில்லை. ஆறாம் வகுப்பில் புதிய ஆசிரியர், புதிய அடிப்படைத் தேர்வு. அடிப்படையில் பின்தங்கியவர்களுக்காக 2025-இல் வந்த திறன் திட்டத்தில் சேர்ப்பார்கள், அங்கும் முதலிலிருந்து பார்ப்பார்கள். ஒரு நகலைத் தாயிடமும், இன்னொன்றைச் சிறப்புப் பயிற்றுநரிடமும் கொடுத்துவிடுங்கள். நடுநிலைப் பள்ளி ஒரே வட்டாரத்தில் இருந்தால் பயிற்றுநர் பெரும்பாலும் அதே ஆளாகத்தான் இருப்பார்.